ரயிலுக்கு எதுக்குக் கலப்பை?

கையெழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோங்க. வலது கை கட்டைவிரலில் பசை ஒட்டி தோல் உரிஞ்சிருக்கு. அது ஏன்னு கீழே வரும்.

"என்ன செய்யிறே?" என்று தாத்தா கேட்டார். "ரயில் கலப்பை தாத்தா" என்றேன். "ரயில்ல ஏரைப் பூட்டி எந்த வயலை உழப் போறே?" என்று சிரித்தார். உங்களுக்கும் அதே சந்தேகம் வரும். கனடா, அமெரிக்கா மாதிரி நாடுகளில் குளிர்காலத்தில் தண்டவாளம் மேல் ஆள் உயரத்துக்குப் பனி குவிந்துவிடும். அதை ஒதுக்கி ரயிலுக்கு வழிவிடுகிற வண்டிக்குத்தான் பனிக்கலப்பை என்று பெயர். நான் செய்தது அதோட பொம்மை வடிவம்.

அம்மா வேலை செய்யும் வீட்டுப் பாட்டிக்குக் கனடாவில் ஒரு பேரன். லீவுக்கு வந்தப்போ ஒரு பெட்டி கொண்டு வந்து, பாதி கூடப் பிரிக்காமல் போட்டுவிட்டுப் போய்விட்டான். பாட்டி அதை அம்மாவிடம் கொடுத்து, "உன் பொண்ணு எதையாவது பிரிச்சுப் பிரிச்சுப் பார்ப்பாளே, அவளிடம் கொடு. செஞ்சு முடிச்சதும் எனக்கு ஒரு தடவை காட்டணும்" என்று சொன்னாராம். கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

பெட்டிக்குள் முழு வண்டி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை! பிளாஸ்டிக் கொடியில் பிஞ்சு காய்த்த மாதிரி துண்டு துண்டாக பாகங்கள். கூடவே இங்கிலீஷில் ஒரு படத்தாள். பெட்டி மேல் 1:87 என்று போட்டிருந்தது. நிஜ வண்டியில் 87 செ.மீ. இருந்தால் பொம்மையில் 1 செ.மீ. என்று அர்த்தம். அந்த நாட்டுத் தண்டவாளத்தின் இடைவெளி 1435 மி.மீ. அதை 87-ஆல் வகுத்துப் பாருங்கள், 16.5 மி.மீ. வரும். பொம்மைச் சக்கரத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன், சரியாகப் பொருந்தியது! கணக்கு நிஜமாகவே வேலை செய்கிறதே என்று அன்றைக்குத்தான் தோன்றியது (கணக்கு டீச்சர் மன்னிக்கணும்). நம்ம ஊர் அகலப் பாதை 1676 மி.மீ. அதே அளவில் செய்தால் 19 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும்.

இப்போ கலப்பை எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். நான் செய்தது ரஸ்ஸல் வகை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ரிட்ஜ்வே என்ற ஊரில் இருந்த கம்பெனியின் பெயர் அது. பார்க்க ஒரு சரக்குப் பெட்டி மாதிரி இருக்கும். ஆனால் முன்பக்கம் ஆப்பு மாதிரி சரிந்து தண்டவாளத்தைத் தொடுகிற அளவுக்கு இறங்கியிருக்கும். சரிவின் நடுவில் படகு மூக்கு மாதிரி ஒரு கூர்மை. வண்டி போகப் போக, ஆப்பு முதலில் பனியை மேலே தூக்கும். அப்புறம் கூர்மை அதை இரண்டாகப் பிளந்து இடமும் வலமும் தள்ளும். ஒரே பாதை இருந்தால் இரண்டு பக்கமும் தள்ளலாம். பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் இருந்தால், இங்கே தள்ளியது அங்கே போய் விழுந்துவிடுமே? அதனால் இரட்டைப் பாதைக் கலப்பை ஒரே பக்கமாகத்தான் தள்ளும். இதைச் சொன்னதும் தாத்தா, "நம்ம இரும்புக் கலப்பையும் மண்ணை ஒரு பக்கமாத்தானே புரட்டுது" என்றார். அதுக்கப்புறம் சிரிக்கவில்லை.

முக்கியமான விஷயம், இந்த வண்டிக்கு இன்ஜின் கிடையாது. பின்னாலிருந்து ரயில் இன்ஜின் தள்ளிக்கொண்டு போகும். சில சமயம் இரண்டு மூன்று இன்ஜின்கூட வேண்டியிருக்கும். புதுசாக விழுந்த பனி, தண்ணீரின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். பஞ்சு மாதிரி. ஆனால் காற்று அடித்து இறுகிப் போனால் மூணு நாலு மடங்கு கனமாகிவிடும். அதனால் குவியலுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க மாட்டார்களாம். வேகமாகப் போய் மோதுவார்களாம். அறிவியலில் உந்தம் என்றால் நிறை பெருக்கல் திசைவேகம் என்று வருகிறதே, அதுதான் இது. நிறையும் வேகமும் இருந்தால்தான் குவியலைத் துளைக்க முடியும்.

என் அப்பா ரயில்வேயில் கீமேன். தினமும் தண்டவாளத்தோரம் நடந்து, கிளிப் கழன்றிருக்கா, எங்காவது விரிசல் இருக்கா என்று பார்ப்பதுதான் வேலை. வீட்டில் வேலையைப் பற்றிப் பேசவே மாட்டார். நான் பாகங்களைப் பாயில் பரப்பியிருந்தப்போ வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டிக்கு அடியில் வருகிற ஒரு சின்னத் தகட்டை எடுத்து, "இது எதுக்கு?" என்றார். படத்தாளில் பார்த்துச் சொன்னேன். அது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இறங்கி, சக்கரத்தின் விளிம்பு ஓடுகிற இடத்தில் இருக்கும் பனியைச் சுரண்டும் தகடு. அப்பா ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "அப்போ கேட்டு வந்தா என்ன பண்ணுவான்? பாயிண்ட் வந்தா என்ன பண்ணுவான்?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அப்பா தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். ரயில்வே கேட்டில் ரோடு தண்டவாளத்துக்கு நடுவில் போகும். அங்கே சக்கர விளிம்புக்கென்று ஒரு சின்ன இடைவெளிதான் இருக்கும், பக்கத்தில் செக் ரெயில் இருக்கும். தகடு இறங்கியபடியே வந்தால் ரோட்டில் மோதும், இல்லாவிட்டால் செக் ரெயிலில் மாட்டும். பாயிண்டில் தண்டவாளம் ஒன்றையொன்று வெட்டிப் போகும், அங்கேயும் அதே கதைதான். மோதினால் வண்டி தடம் புரளும். கலப்பையைக் கண்ணால்கூடப் பார்க்காத அப்பாவுக்கு இது எப்படித் தோன்றியது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். மறுநாள் நம்ம சாருடைய போனில் தேடிப் பார்த்தோம். அப்பா கேட்டது சரியான கேள்விதான். அந்த நாடுகளில் கேட்டுக்கும் பாயிண்டுக்கும் முன்னால் கம்பம் நட்டு, 'தகட்டைத் தூக்கு' என்று அடையாளப் பலகை வைத்திருப்பார்களாம். உள்ளே இருப்பவர் லீவரை இழுத்ததும் காற்றழுத்தத்தில் தகடு மேலே போகும். வண்டியின் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி கதவு உண்டு, விரித்தால் இன்னும் அகலமாகத் தள்ளும். பாலம் வரும்போது அதையும் மடக்கணும், இல்லாவிட்டால் பாலத்தில் இடித்துவிடும்.

"கேட்டு இடுக்குல ஒரு கல்லு மாட்டினாலே எங்களுக்கு வயித்தைக் கலக்கும். அங்க ஐஸே இறுகிக் கிடக்கும்ல" என்றார் அப்பா. அன்றைக்குப் பத்தரை மணி வரை பேசிக்கொண்டிருந்தார். அம்மாதான் லைட்டை அணைத்தார்.

சரி, ஒட்டின கதைக்கு வருகிறேன். கொடியிலிருந்து பாகத்தைக் கையால் பிய்க்கக் கூடாது, வெள்ளையாகக் கீறல் விழும். நான் நகவெட்டியால் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்தேன். கலப்பை முகம் இரண்டு பாதியாக வந்தது. நடுவில் மேடு தட்டியதால் அதை மட்டும் இரண்டு நாள் தேய்த்தேன். பெட்டியில் பசை இல்லை. கடையில் கிடைக்கிற, சட்டென்று ஒட்டுகிற சின்ன டியூப் பசை வாங்கினேன். விரலும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்டது ஒரு பக்கம். மேலே இருக்கிற சின்னக் கூண்டுக்கு ஜன்னல் கண்ணாடி ஒட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி! துடைத்தாலும் போகவில்லை. அழுதுவிட்டேன். பாட்டிக்கு எப்படிக் காட்டுவது?

சாரிடம் கொண்டு போனேன். அந்தப் பசையிலிருந்து கிளம்புகிற ஆவி கண்ணாடி மேல் படிந்து வெள்ளையாகிவிடும் என்றார். இந்த வகை பொம்மைக்கு வேறு முறை இருக்கிறது. இந்த பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் ஒரே பொருள்தான், பாலிஸ்டைரீன். காற்றுக் குமிழி வைத்து ஊதினால் தெர்மாகோல், ஊதாமல் அச்சில் வார்த்தால் பொம்மை. தெர்மாகோல் மேல் அசிட்டோன் ஒரு சொட்டு விட்டால் குழி விழுவதைச் சார் செய்து காட்டினார். அதே மாதிரி பொம்மையின் இரண்டு விளிம்பில் மெல்லிசாகத் தடவினால் இரண்டும் இளகி ஒன்றோடொன்று கலந்துவிடும். அசிட்டோன் ஆவியாகப் போனதும் ஒரே துண்டாக இறுகிவிடும். இடையில் பசை என்று ஒன்றுமே இருக்காது, வெல்டிங் வைத்த மாதிரி. மிச்சப் பாகம் எல்லாம் இப்படித்தான் ஒட்டினேன். (சார் பக்கத்தில் இருந்தபோது, ஜன்னலைத் திறந்து வைத்து. அது சீக்கிரம் தீப்பிடிக்கும், வீட்டில் தனியாகச் செய்யாதீங்க.)

கெட்டுப் போன ஜன்னலை என்ன செய்வது? பிய்த்தால் கூண்டே உடைந்துவிடும். அப்பாவிடம் சொன்னேன். "அந்தக் கூண்டுல யார் உட்காருவாங்க?" என்றார். வழி பார்த்து இறக்கையையும் தகட்டையும் இயக்குகிறவர் என்றேன். பின்னால் இன்ஜினில் இருப்பவருக்கு முன்னால் எதுவும் தெரியாது. கூண்டில் இருப்பவர் விசில் ஊதித்தான் அவருக்குத் தகவல் சொல்லணும். பனிக்குவியலில் மோதினதும் கண்ணாடி முழுக்கப் பனி அப்பிவிடும். அதற்கப்புறம் எங்கே பாலம், எங்கே கேட் என்று வழி மனப்பாடமாகத் தெரிந்திருந்தால்தான் பிழைப்பு. "அப்போ உன் ஜன்னல் சரியாத்தான் இருக்கு. முன்னாடி உட்கார்ந்தவனுக்கு எதுவும் தெரியாது. முதல் அடியும் அவனுக்குத்தான்" என்றார் அப்பா. மார்கழிப் பனிமூட்டத்தில் அப்பா விடியற்காலையில் தண்டவாளத்தில் நடப்பது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வேலை எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம். 1952 ஜனவரியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலையில் 'சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ' என்ற ரயில் பனியில் சிக்கிக்கொண்டது. உள்ளே 200 பேருக்கு மேல். மூன்று நாள் கழித்துத்தான் மீட்டார்கள். உதவிக்குப் போன பனிக்கலப்பை ஒன்று பனிச்சரிவில் மாட்டிக் கவிழ்ந்து, அதை ஓட்டியவர் இறந்துவிட்டார்.

அந்த இடத்தில் பயன்படுத்தியது வேறு வகை, சுழல் கலப்பை. ஆப்புக் கலப்பை பனியைப் பக்கத்தில் தள்ளத் தள்ள, இரண்டு பக்கமும் சுவர் மாதிரி எழும்பிவிடும். அப்புறம் தள்ள இடமே இருக்காது. சுழல் கலப்பையின் முன்னால் பெரிய சக்கரம் சுற்றி, பனியை வெட்டி உள்ளே இழுத்து, குழாய் வழியாகத் தூரமாக வீசி எறிந்துவிடும். இதை முதலில் 1869-ல் யோசித்தவர் கனடாவின் டொரான்டோவைச் சேர்ந்த எலியட் என்ற பல் டாக்டர்! பல் டாக்டருக்கு ரயில் பனியோடு என்ன வேலை என்று தெரியவில்லை. அப்புறம் ஆரஞ்ச் ஜல் என்பவர் அதை மேம்படுத்தினார். ஆரஞ்ச் என்பது நிஜமாகவே அவர் பெயர்தான். நம்ம நாட்டிலும் காஷ்மீரில் பனிஹால், பாரமுல்லா பாதையில் குளிர்காலத்தில் தண்டவாளப் பனியை ஒதுக்கித்தான் ரயில் விடுகிறார்கள்.

கடைசியாகச் சோதனை. பலகையில் ஐஸ் குச்சிகளை வரிசையாக ஒட்டி, அதன் மேல் இரண்டு சைக்கிள் போக்ஸ் கம்பியை 16.5 மி.மீ. இடைவெளியில் பதித்துத் தண்டவாளம் ஆக்கினேன். பனிக்குப் பதில் கோலமாவு, இல்லை இல்லை, பச்சரிசி மாவு. உதிரியாகக் கொட்டித் தள்ளியபோது அழகாகப் பிளந்து இரண்டு பக்கமும் விழுந்தது. என் தம்பி கைதட்டினான். அடுத்து மாவைக் கொஞ்சம் ஈரமாக்கி அமுக்கி வைத்தேன். கலப்பை அதன் மேலேயே ஏறிக் குப்புறக் கவிழ்ந்தது!

காரணம் எடைதான். இந்த அளவு வண்டிக்கு முதலில் 28 கிராம், அப்புறம் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம் இருக்கணும் என்று மாடல் செய்பவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். என் வண்டி ஐந்தரை அங்குலம், அப்போ 105 கிராம். மளிகைக்கடை தராசில் போட்டால் 45 கிராம்தான் காட்டியது. அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார், ரயில்வே நட்டு போல்ட்டு ஒன்றைக்கூடத் தொடக்கூடாது என்று. சைக்கிள் கடை அண்ணன் பழைய பால்ஸும் நட்டும் கொடுத்தார். முதல் தடவை எல்லாவற்றையும் பின்னால் போட்டுவிட்டேன், மூக்கு இன்னும் தூக்கியது. முன் சக்கரங்களுக்கு நேர் மேலே மாற்றி வைத்ததும் ஈர மாவைக் கிழித்துக்கொண்டு போனது. நிஜக் கலப்பையிலும் இப்படி எடை ஏற்றுவார்களாம். இருந்தாலும் நல்லா காய்ந்து இறுகின மாவில் இன்னும் தடம் புரளத்தான் செய்கிறது. அப்பா சொன்ன கேட்டு இடுக்கு ஐஸ் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டிக்குக் காட்டினேன். ஜன்னல் கெட்டுப் போனது என் தப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "என் பேரன் ஊர்ல இப்படித்தான் இருக்குமா? ஜன்னல் வழியா ஒண்ணுமே தெரியலைன்னு போன்ல சொல்வான்" என்றார். வண்டியை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வியாழக்கிழமை மதிய இடைவேளையில் அறிவியல் அறைக்கு வாங்க. மாவு மட்டும் நீங்கதான் கொண்டு வரணும். எங்க அம்மா இனிமேல் ஒரு பிடிகூடத் தர மாட்டாராம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி