தெற்றுப்பல்லும் எத்துப்பல்லும்: மருத்துவம் எப்போது வேண்டும்?

ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது தெற்றுப்பல். முன்னே நீண்டு நிற்பது எத்துப்பல். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு வகுப்பை நோக்கினால் இவ்விரண்டும் தென்படும். ஆயினும், கண்ணில் படும் குறையெல்லாம் மருத்துவம் வேண்டுவதன்று; மருத்துவம் வேண்டும் குறையெல்லாம் கண்ணில் படுவதுமன்று. இவற்றைப் பிரித்தறியும் முறையைக் காண்போம்.

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் என்பார் 1899-இல், மேல், கீழ்த் தாடைகளின் முதல் நிலைக் கடைவாய்ப்பற்கள் பொருந்தும் விதத்தைக் கொண்டு குறைகளை மூன்று வகுப்புகளாகப் பகுத்தார். அப்பகுப்பு குறையின் வகையைக் கூறும். அதன் கடுமையைக் கூறாது. அக்குறையை நீக்க 1986-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டதே பல் தோற்றக் குறியீடு. உலகச் சுகாதார நிறுவனமும் 1997-இல் தன் ஆய்வு முறையில் இதனைச் சேர்த்துக்கொண்டது. மலேசியாவின் 12, 13 வயது மாணவர்களை இக்குறியீட்டால் அளந்த ஆய்வொன்று 2001-இல் வெளிவந்தது.

இதில் பத்துக் கூறுகள் அளக்கப்படும். ஒவ்வொன்றையும் அதற்குரிய எண்ணால் பெருக்கிக் கூட்டி, 13 என்னும் நிலையெண்ணைச் சேர்க்க வேண்டும். 25 வரை வந்தால் மருத்துவம் பெரும்பாலும் வேண்டுவதில்லை. 26 முதல் 30 வரை விருப்பத்தைப் பொறுத்தது. 31 முதல் 35 வரை மிகவும் விரும்பத்தக்கது. 36-உம் அதற்கு மேலும் கட்டாயம்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு சிறுவனின் மேற்பல் 5 மில்லிமீட்டர் முன்தள்ளியுள்ளது, இதன் பெருக்கெண் 2, ஆகவே 10. ஒரு தாடையில் முன்பற்களின் நெருக்கத்திற்கு 1. மேல்வரிசைப் பிறழ்ச்சி 2 மில்லிமீட்டர், கீழ்வரிசையில் 1. இரண்டும் சேர்ந்து 3. கடைவாய்ப்பற்கள் அரைக்கூர் விலகியதற்கு 3. நிலையெண்ணுடன் மொத்தம் 30. முன்தள்ளல் மட்டும் 8 மில்லிமீட்டராக இருந்திருப்பின் மொத்தம் 36 ஆகிவிடும். முன்தள்ளிய பல் ஓடி விழுகையில் எளிதில் உடைபடும் என்பதையும் நினைவிற் கொள்க.

வயதும் கருதத்தக்கது. எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்களுக்கு இடையே தோன்றும் சந்து, கோரைப்பற்கள் முளைக்கும் 11, 12 வயதில் பெரும்பாலும் தானே மூடிவிடும். எனவே பாற்பற்கள் விழுந்து முடிந்த பின்னரே இக்குறியீடு முழுப்பயன் தரும். மேலும், ஈற்றில் குத்தும் ஆழ்ந்த கடி, முளைக்காது எலும்பினுள் புதைந்த பல் ஆகியவற்றை இது அளப்பதில்லை. ஆகையால் எண் குறைவென்று மருத்துவர் பார்வையை விட்டுவிடலாகாது.

அரசாங்க மருத்துவத்தில் வரிசை நீளம்; கடுமை மிக்கோர்க்கு முதலிடம் தர அளவுகோல் இன்றியமையாதது. காத்திருக்கப் பொறாத இளைஞர் சிலர் தகுதியற்றோரிடம் மலிவான போலிக் கம்பி கட்டிக்கொள்கின்றனர். ஈறு புண்ணாதல், பல் ஆட்டங்காணல் ஆகியவை அதன் விளைவுகளாகலாம். பதிவுபெற்ற பல் மருத்துவரே கம்பி கட்டத் தகுதியுடையார்.

அளவுகோல் சொல்லாத ஒன்றும் உண்டு. பட்டப்பெயருக்கு அஞ்சி வாயைக் கையால் மறைத்துப் படிக்கும் பிள்ளையின் துயர் எந்த எண்ணிலும் அடங்காது. அதை முதலில் காண்பவர் ஆசிரியரே. கேலியைத் தடுப்பதும், பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவிடம் அப்பிள்ளையைக் காட்டுவதும் அவர் கையில் உள்ளன.