எந்த அசை ஓங்க வேண்டும்?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் புதுச்சேரிப் பிள்ளைகள் பலர் ‘யுனிவர்சிட்டி’ என்பதை ஐந்து அசையும் ஒரே கனமாகச் சொல்கிறார்கள். தமிழ் வாய்க்கு அது இயல்பு. நம் மொழியில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் மாறும். ‘ரெகார்ட்’ முதல் அசையில் ஓங்கினால் பதிவேடு. இரண்டாவதில் ஓங்கினால் பதிவு செய்வது.

அசை பிரிப்பது நமக்குப் புதிதல்ல. ‘புதுவை’யை ‘புது’ நிரை, ‘வை’ நேர் என்று யாப்பில் பிரிக்கிறோம். ஆனால் அந்தக் கணக்கு குறில் நெடிலைப் பார்ப்பது. ஆங்கிலத்தில் உயிரொலிகளை எண்ணுங்கள். அதுவே அசை எண்ணிக்கை. பிறகு சொல்லின் வாலைப் பாருங்கள். ‘ஷன்’, ‘இக்’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை ஓங்கும்: எ-ஜு-கே-ஷன், இதில் ‘கே’. ‘இட்டி’, ‘கிராஃபி’, ‘லஜி’ என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது: யு-நி-வர்-சி-டி, இதில் ‘வர்’. டெலிவிஷன், பாலிடிக்ஸ் போல விலகுபவையும் உண்டு.

ஓங்குவது பாதி வேலைதான். மற்ற அசைகளைச் சுருக்க வேண்டும். நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். ‘ஃபோட்டோகிராஃப்’பில் ‘ஃபோ’ கனக்கிறது. ‘ஃபோட்டோகிராஃபி’யில் கனம் இரண்டாம் அசைக்குப் போய்விட, அதே ‘ஃபோ’ மெலிந்து ‘ஃப’ ஆகிறது: ஃப-டா-க்ர-ஃபி. எழுத்து மாறவில்லை, ஒலி மாறிவிட்டது. எழுத்துக்கூட்டல் சொல்லித்தரும் அன்றே பள்ளியில் இதையும் சொல்லித்தர வேண்டும்.

இந்த ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சு, தொடரின் கடைசி அசையில் கனம் வைக்கும் மொழி. பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் ஆங்கிலம் பேசும்போது ‘யுனிவர்சிட்டி’யின் வால் தூக்கலாம்.

1910இல் இங்கே வந்து குடியேறிய அரவிந்தர் இந்த அழுத்தத்தைப் பற்றி ஆழமாக யோசித்தவர். கிரேக்க, லத்தீன் யாப்பை அப்படியே ஆங்கிலத்துக்குப் பொருத்த முடியாது, அழுத்தம் விழும் அசையை நெடிலாகவே கொள்ள வேண்டும் என்று 1942இல் வெளியான கட்டுரையில் வாதிட்டார். குறில் நெடிலில் பழகிய நமக்கு அது நல்ல வழிகாட்டி.

அகராதியில் உச்சரிப்புக் குறிப்பைப் பாருங்கள். ஓங்கும் அசைக்கு முன்னால், மேலே ஒரு சிறு நேர்கோடு இருக்கும். புதிய நீண்ட சொல் எதுவானாலும் அந்தக் கோட்டைத் தேடிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள்.