தபாலில் வராத ஆய்வகம்

டிப்ளமா முடித்து வேலையில் இருப்பவர், சம்பளத்தை விடாமல் பொறியியல் பட்டம் வாங்க நினைத்தால் இந்தியாவில் தொலைநிலைக் கல்வி கைகொடுக்காது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிகள் பொறியியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்த அனுமதிப்பதில்லை. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் (ஒன்று நம் சேலத்தில்) அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) ஒப்புதல் இல்லாமல் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் பற்றி 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன, ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் தேறினால்தான் அவற்றுக்கு மறுபடி உயிர். பிறகு சேர்ந்தவர்களுக்குப் பட்டமே ரத்து. அதைக் காட்டி வாங்கிய பதவி உயர்வும் போயிற்று.

இதை வைத்து, பொறியியலை வீட்டிலிருந்து படிக்கவே முடியாது என்று முடிவுகட்டுவது அவசரம். 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பொறியியலுக்கென்றே ஒரு பீடம் வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதற்கு நிலையங்கள் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2013 முதல் மின் பொறியியலை இணையத்தில் நடத்துகிறது. அங்குள்ள தர அங்கீகார அமைப்பான ஏபெட்டின் முத்திரையும் அதற்கு இருக்கிறது.

கை படாமல் பொறியியல் வருமா என்பார்கள். வராது. 150 மி.மீ. கான்கிரீட் கனசதுரத்தை 28 நாள் நீரில் ஊறவைத்து இயந்திரத்தில் நசுக்கும்போது எந்தச் சுமையில் உடைந்தது என்பதை அந்த இயந்திரமே சொல்லிவிடும். நான்கு பக்கமும் ஒரே சீராகப் பெயர்ந்து, இடுப்பு ஒடுங்கிய துண்டு நடுவில் நின்றால் சோதனை சரி. ஒரு பக்கம் மட்டும் பிளந்தால் சோதனையிலேயே கோளாறு. இதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும். ஆனால் அதே மாணவருக்குக் கணிதத்தையும் வெப்ப இயக்கவியலையும் கற்றுத்தர வகுப்பறைப் பெஞ்சு கட்டாயமில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பி.எஸ். படிப்பு இப்படித்தான் பிரித்துக்கொள்கிறது: பாடம் இணையத்தில், தேர்வு மையத்தில் நேரில், ஆய்வகம் சென்னை வளாகத்தில். அது பி.டெக். அல்ல என்பது வேறு விஷயம்; வழி இருக்கிறது என்பதற்கு அது போதும். நேரடிக் கல்லூரிகளிலும் பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி ஆய்வகத்தைக் கடப்பவர்கள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். தனியே படிப்பவர்கள் நடுவில் விட்டுவிடுகிறார்கள் என்ற குறை மட்டும் நியாயமானது. அதற்குச் சுலபமான மருந்து இல்லை.

மாலை நேரப் பகுதிநேர பி.இ. இருக்கிறதே என்பது அடுத்த வாதம். நல்ல ஏற்பாடுதான், கல்லூரிக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பவருக்கு. ஷிப்ட் மாறி மாறி வரும் முப்பந்தல் காற்றாலை டெக்னீஷியனால் தினமும் மாலை வகுப்பில் உட்கார முடியாது. வருஷத்துக்கு இரண்டு வாரம் லீவு போட்டு ஆய்வகத்துக்கு வர முடியும்.