வெயிலில் நிற்கும் கார்

கத்திரி வெயில் பிறந்துவிட்டால், வெப்பத்திற்கு அஞ்சி நாம் செய்யும் ஏற்பாடுகள் பல. வாசலில் பந்தல் போடுகிறோம். சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டுகிறோம். மண்பானையில் தண்ணீர் வைக்கிறோம். ஆனால் தெருவோரத்தில் கதவையும் கண்ணாடியையும் அடைத்து நிறுத்திவிட்டு வரும் காரைப் பற்றி நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. மனிதர் சென்று அமரும் இடங்களுள், அந்நாட்களில் மிகக் கொடிய சூடு நிரம்பியது அதன் உட்புறமே என்று சொல்வது மிகையாகாது. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது, அதைத் தணிப்பது எப்படி என்பதை இப்போது பார்ப்போம்.

பாடத்தைத் தொடங்குமுன் ஆசிரியர் தம் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்து நண்பகலில், மகளோடும் மூன்று வயதுப் பேரனோடும் வேலூரில் ஓர் உறவினர் வீட்டிற்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கச் சென்றேன். மகள்தான் காரை ஓட்டி வந்தாள். பின்னிருக்கையில் குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். “குழந்தையை எழுப்பட்டுமா அப்பா?” என்று அவள் கேட்டாள். “வேண்டாம் அம்மா, நன்றாகத் தூங்குகிறான். பத்திரிகையை வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவோம்” என்றேன். காற்று வரட்டும் என்று கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைத்துவிட்டு உள்ளே சென்றோம்.

கல்யாணப் பத்திரிகையை ஐந்து நிமிடத்தில் வைத்துவிட்டுத் திரும்பியவர் நம் நாட்டில் எவரேனும் உண்டா? மோர் வந்தது, நலம் விசாரித்தார்கள், மாப்பிள்ளையின் ஊரும் உத்தியோகமும் பேசினோம். இருபது நிமிடம் சென்றிருக்கும். எதிர்வீட்டுப் பாட்டியம்மாள் ஒருவர் வாசலில் நின்று, “யாருடைய குழந்தை அது?” என்று உரத்துக் கூவினார். ஓடிச் சென்று கதவைத் திறந்தோம். அடுப்படியிலிருந்து வீசுவது போன்ற காற்று முகத்தில் அடித்தது. குழந்தையின் முகம் செக்கச் சிவந்திருந்தது. தலைமயிர் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. அழுவதற்கும் குரல் எழவில்லை. நிழலில் கிடத்தி, ஈரத் துணியால் உடலைத் துடைத்து, விசிறி, மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவன் பிழைத்தான். இன்னும் பத்து நிமிடம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்போது நான் ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. வெப்பக் கதிர்வீசலைப் பற்றிய பாடத்தை முப்பது ஆண்டுகளாக நடத்தி வந்தவன். அந்த ஆண்டும் கண்ணாடி வீட்டின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கியவன். கரும்பலகையில் இருந்த கண்ணாடி வீடும் தெருவில் நின்ற காரும் ஒன்றே என்பது எனக்குத் தோன்றாமற் போயிற்று. ஆகவே அந்தப் பாடத்தை இன்று உங்களோடு சேர்ந்து நானும் மறுபடி படிக்கிறேன்.

தெளிந்த வானத்தில் உச்சி வெயில் காயும்போது, கதிரவனை நோக்கிய ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றல் வந்து விழுகிறது. ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கொள்ளும் ஆற்றலும் ஏறத்தாழ இவ்வளவுதான். காரின் முன்கண்ணாடி சாய்வாகவும் அகலமாகவும் அமைந்திருப்பது. அதன் வழியாகவும் மற்றக் கண்ணாடிகளின் வழியாகவும் உள்ளே புகும் வெயில், இஸ்திரிப் பெட்டி ஒன்றை உள்ளே எரியவிட்டுக் கதவைச் சாத்தியதற்கு ஒப்பாகும்.

புகுந்த ஒளி என்ன ஆகிறது? டாஷ்போர்டின் மீதும், ஸ்டியரிங் மீதும், இருக்கைகளின் மீதும் அது விழுகிறது. அவை பெரும்பாலும் கருமை நிறம் உடையவை. ஆதலால் ஒளியை விழுங்கிச் சூடேறுகின்றன. சூடேறிய பொருள் எதுவும் தன் வெப்பத்தைக் கண்ணுக்குப் புலப்படாத நீண்ட அலைக் கதிர்களாக வெளியிடும். வெயிலுக்கு வழிவிட்ட கண்ணாடி, இந்த நீண்ட அலைகளுக்கு வழிவிடுவதில்லை. பொருள்களைத் தொட்டு நிற்கும் காற்றும் சூடாகிறது. வெட்டவெளியாக இருந்தால் சூடான காற்று மேலே எழும்பிச் செல்லும். குளிர்ந்த காற்று அவ்விடத்திற்கு வரும். மூடிய காரில் இந்தப் போக்குவரத்து இல்லை. உள்ளே வந்த வெப்பம் சிறைப்பட்டுவிடுகிறது.

இவ்விரண்டு காரணங்களுள் எது பெரிது என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். அமெரிக்க அறிஞர் ஆர். டபிள்யூ. உட் என்பவர் 1909-இல் ஓர் எளிய சோதனை செய்தார். இரண்டு பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடித் தகட்டாலும் மற்றொன்றைப் பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். பாறையுப்பு நீண்ட அலைகளையும் வெளியே விட்டுவிடும். அப்படியிருந்தும் இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சூடேறின. காற்று வெளியேற முடியாமல் அடைபடுவதே சூட்டிற்குப் பெருங்காரணம் என்பது இதனால் விளங்குகிறது. இதற்கும் முன்னதாக, 1767-இல், ஜெனீவா நகரத்து விஞ்ஞானி சோசூர் கண்ணாடி மூடிய பெட்டிகளை வெயிலில் வைத்து ஆராயத் தொடங்கினார். பின்னர் அவர் செம்மையாக அமைத்த பெட்டி ஒன்றினுள் வெப்பநிலை, தண்ணீர் கொதிக்கும் நிலையையும் தாண்டியது. அன்று அவர் முயன்று செய்த சூட்டுப்பெட்டியை, இன்று நாம் முயலாமலே தெருவில் நிறுத்தி வைக்கிறோம்.

இனி, உண்மைக் கார்களில் அளந்து கண்ட கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் வேலூரைப் போலவே வெயிலுக்குப் பேர்போனது. அங்குள்ள டெம்பி நகரில் கார்களை வெயிலிலும் நிழலிலும் நிறுத்தி அளந்து, அதன் முடிவை 2018-இல் வெளியிட்டார்கள். வெளியே வெப்பநிலை 38 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்த நாட்கள் அவை. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உட்காற்று சராசரி 47 பாகையை எட்டியது. ஸ்டியரிங் 53 பாகையும், இருக்கை 51 பாகையும், டாஷ்போர்டு 69 பாகையும் அடைந்தன. அதே நேரம் நிழலில் நின்ற கார்களிலோ உட்காற்று 38 பாகையை ஒட்டியும், டாஷ்போர்டு 48 பாகையாகவும் இருந்தன. நிழல் ஒன்று மட்டுமே டாஷ்போர்டின் சூட்டில் 21 பாகையைக் குறைத்துவிட்டது!

2005-இல் கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, என் பிழையை எனக்குத் தெளிவாக உணர்த்தியது. வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை ஏறுகிறது. அவ்வேற்றத்தில் 80 விழுக்காடு முதல் அரைமணிக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. நான் நம்பியிருந்த ‘ஐந்து நிமிட’மும் ‘இரண்டு விரற்கடை’யும் ஒருங்கே பொய்த்துப்போயின.

காரணம் விளங்கிவிட்டால் பரிகாரம் தானே புலப்படும். ஒளி வெப்பமாக மாறுமுன் அதைத் தடுக்க வேண்டும். மாறிவிட்டால், சூடான காற்றுக்கு வழிவிட வேண்டும். செய்யத்தக்கவை எல்லாம் இவ்விரண்டில் அடங்கும்.

முதலாவது நிழல். காரை நிறுத்தும்போது நிழல் இருக்கும் இடத்தைப் பார்ப்பது போதாது. நாம் திரும்பி வரும்போது நிழல் எங்கே இருக்கும் என்று பார்க்க வேண்டும். பிற்பகலில் கதிரவன் மேற்கே சாய்வதால், கட்டடத்தின் கீழ்ப்புறத்தில் நிழல் நீண்டுகொண்டே வரும். நண்பகலில் மேற்புறத்தில் நிறுத்திய கார், மூன்று மணிக்கு முழு வெயிலில் நிற்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. சென்னை, வேலூர்ப் பகுதிகளில் ஏப்ரல் இறுதி வாரத்தை ஒட்டிக் கதிரவன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறான். அதன்பின் ஆகஸ்டு நடுப்பகுதிக்குப் பிறகு மீண்டும் உச்சிக்கு வரும்வரை, நண்பகலில் சற்று வடக்கே சாய்ந்திருப்பான். எனவே மே மாதத்து நண்பகலில் சுவரின் சிறு நிழல் தென்புறத்தில்தான் விழும். ஒரு குச்சியை நட்டு இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மரநிழல் கிடைத்தால் மிக நன்று. வேம்பும் புங்கமும் நம் முன்னோர் சாலையோரங்களில் வீணுக்கு வைத்தவை அல்ல.

நிழல் கிட்டாத இடத்தில், கண்ணாடியிலேயே வெயிலைத் தடுக்க வேண்டும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் பொருத்தும் பளபளப்பான மறைப்பு, ஒளியை ஒளியாகவே வெளியே திருப்பி அனுப்பிவிடுகிறது. கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால், அது ஒளியை விழுங்கித் தானே சூடேறி, அந்தச் சூட்டை உள்ளேயே கொடுக்கும். மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருப்பது இன்னும் சிறந்தது. வெளியே சூடேறினால் அச்சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். சன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டினால் அறை குளிர்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான். வெளிர்நிற உறையால் காரை முழுதும் மூடலாம். ஒன்றும் இல்லாவிட்டால், ஸ்டியரிங் மீது ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு வைத்தாலும் கை தப்பும்.

கண்ணாடியில் கறுப்புப் படலம் ஒட்டுவதை இதற்கு வழியாகக் கருதியோர் பலர். ஆனால் ஓட்டுபவரின் பார்வையும் பொதுமக்களின் பாதுகாப்பும் முக்கியமல்லவா? முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. இதைச் சுட்டிக்காட்டி, 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்புப் படலங்களுக்குத் தடை விதித்தது.

நிறத்திற்கும் பங்குண்டு. 2011-இல் கலிபோர்னியாவில், ஒரே வகையான கறுப்புக் காரையும் வெள்ளி நிறக் காரையும் அருகருகே வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். கறுப்புக் காரின் கூரை 25 பாகை வரையில் கூடுதலாகச் சூடேறியது. உட்காற்றில் வேறுபாடு ஐந்தாறு பாகை. புதிதாகக் கார் வாங்குவோர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இது.

சூடேறிய காரில் ஏறுவதற்கும் ஒரு முறை உண்டு. உடனே உட்கார்ந்து ஏர்-கண்டிஷனரைப் போட்டுக் கதவைச் சாத்துவது தவறு. அப்போது உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடானது. அதைக் குளிரச் செய்வதைவிட வெளியே துரத்துவது எளிது. ஒரு பக்கத்துச் சன்னலை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்துக் கதவை ஐந்தாறு முறை விசிறிபோலத் திறந்து மூடுங்கள். சூடான காற்று பெரும்பகுதி போய்விடும். சிறிய காரினுள் இருக்கும் காற்றின் நிறை மூன்று நான்கு கிலோதான். அது தாங்கும் வெப்பம் சொற்பம். டாஷ்போர்டும் இருக்கைகளும் சேர்த்து வைத்திருக்கும் வெப்பமே மிகுதி. அது புதுக்காற்றையும் சூடாக்கும். ஆகவே சன்னல்களைத் திறந்தபடியே சிறிது தூரம் ஓட்டிச் சென்று, பிறகு மூட வேண்டும். உட்காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த பின்னரே, உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும் விசையைத் திருப்ப வேண்டும்.

காரில் விட்டுச் செல்லக் கூடாத பொருள்களும் உண்டு. மருந்துகள், கைப்பேசி, தீக்கொளுத்தி, வாசனைத் தெளிப்பான் ஆகியன அவற்றுள் சில. தெளிப்பான் குப்பிகளின் மேல் 50 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கலாகாது என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். டாஷ்போர்டின் வெப்பம் 69 பாகை என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதுவரை சொன்னவை வசதியைப் பற்றியவை. எஞ்சியிருப்பது உயிரைப் பற்றியது. சிறு குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும். கதவைத் திறக்கவோ தெளிவாகச் சொல்லவோ அதற்குத் தெரியாது. டெம்பி நகர ஆராய்ச்சியாளர்களின் கணக்குப்படி, வெயிலில் நின்ற காரில் இரண்டு வயதுக் குழந்தையின் உடல் வெப்பம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஆபத்தான 40 பாகையை எட்டும். நிழலில் நின்ற காரிலும் இரண்டு மணி நேரத்திற்குச் சற்றே கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். நான் மேலே புகழ்ந்த நிழல், மறைப்பு, வெள்ளை நிறம் எல்லாம் சேர்ந்தாலும் குழந்தைக்குக் காவல் ஆகா. அமெரிக்காவில் மட்டும் 1998 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் இவ்வாறு இறந்திருக்கின்றனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், பின்னிருக்கையில் இருந்ததையே பெரியவர்கள் மறந்துபோனதால் இறந்தவர்கள். அன்பில்லாமையால் அன்று, மறதியால். ஆகவே மறதிக்கு ஒரு மருந்து வேண்டும். பணப்பையையோ கைப்பேசியையோ குழந்தையின் அருகில் பின்னிருக்கையில் வைத்துவிடுங்கள். இறங்கும்போது பின்கதவைத் திறந்தே தீர வேண்டியிருக்கும். மூடிய காருக்குள் தனியே ஒரு குழந்தையைக் கண்டால், யாருடையது என்று தயங்காமல் அந்தப் பாட்டியம்மாளைப் போல் உரத்துக் கூவுங்கள்.

என் பேரன் இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறான். காரை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் நான் பின்கதவைத் திறந்து பார்ப்பதைக் கண்டு, “நான் இங்கே நிற்கிறேனே தாத்தா, யாரைத் தேடுகிறீர்கள்?” என்று சிரிக்கிறான். அவன் சிரிக்கட்டும். நான் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன்.