ஊருக்குள்ளே ஒரு கணிப்பொறி வலை

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து உரத்துக்காகவோ கடன் தவணைக்காகவோ ஓர் உழவர் கச்சிராயபாளையத்துக்கோ கள்ளக்குறிச்சிக்கோ இறங்கி வந்தால், அன்றைய காட்டு வேலை அத்தோடு போயிற்று. பஸ் கட்டணம் வேறு. வந்த இடத்தில் "நெட் இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்ற பதில் கிடைத்தால் இரண்டு நாள் வேலை வீண். சமவெளியில் கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் பயிரிடுவோருக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. நின்று போனது எது, நிற்காமல் நடத்தியிருக்கக் கூடிய வேலை எது என்று கேட்கத் தெரிந்தால், இந்த அலைச்சலில் ஒரு பகுதியைத் தவிர்க்கலாம். அதற்குக் கணிப்பொறி வலையின் அடிப்படையை உழவர்கள் தெரிந்துகொள்வது நலம்.

ஏரியும் வரத்துக் கால்வாயும்

ஓர் அலுவலகத்துக்குள்ளோ ஊருக்குள்ளோ உள்ள கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைப்பது உள்ளூர் வலை. 'லேன்' என்று சொல்வது இதைத்தான். வெளியுலகோடு இணைக்கும் இன்டர்நெட் வேறு.

இன்டர்நெட்டை ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாய் என்று கொண்டால், உள்ளூர் வலை என்பது ஏரியும் மதகும் பாசன வாய்க்காலும் சேர்ந்தது. வரத்து நின்றாலும் ஏரியில் தேங்கிய நீரை மதகைத் திறந்து வயலுக்கு விடலாம். அதுபோல வெளி இணைப்பு அறுந்தாலும், அலுவலகத்திலேயே ஒரு கணிப்பொறியில் சேமித்து வைத்த கணக்கையும் செய்தியையும் மற்றக் கணிப்பொறிகள் பயன்படுத்தலாம்.

உறுப்புகள் நான்கு

கேபிள்: இதனுள் எட்டு மெல்லிய செப்புக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரே ஓட்டமாக 100 மீட்டருக்கு மேல் இதை இழுக்கக் கூடாது. கேபிள் இல்லாமல் வானொலி அலை வழியே இதே வேலையைச் செய்வது வைஃபை.

சுவிட்ச்: விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி. எந்த மடைக்கு எந்தத் தண்ணீர் என்று பிரித்து விடுவது போல, எந்தக் கணிப்பொறிக்கு எந்தச் செய்தி என்று பார்த்து அனுப்பும்.

ரவுட்டர்: உள்ளூர் வலைக்கும் இன்டர்நெட்டுக்கும் இடையிலுள்ள வாயில்.

முகவரி: ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.10 என்பது போல ஓர் எண் உண்டு. இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால் மாறிப் போகும், இங்கும் அப்படியே.

எது நிற்கும், எது நிற்காது?

விரல் ரேகைச் சரிபார்ப்பு, வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புதல் ஆகியவற்றுக்கு வெளி இணைப்பு கட்டாயம் தேவை. ஆனால் மரவள்ளிக் கிழங்கை எடை போட்டுப் பதிவது, டோக்கன் கொடுப்பது, மூட்டை இருப்பைப் பார்ப்பது, ரசீது அச்சிடுவது ஆகியவற்றை உள்ளூர் வலையிலேயே முடிக்க இயலும். வெளி இணைப்பு திரும்பியதும் கணக்கை மேலே அனுப்பிக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கணக்கின் ஒரு படியாவது அலுவலகத்திலேயே இருக்க வேண்டும். மென்பொருளும் அதற்கு இடம் தர வேண்டும். கணக்கு முழுவதும் தொலைவிலுள்ள கணிப்பொறியில் மட்டும் இருந்தால், வரத்து நின்றவுடன் எல்லாம் நிற்கும். 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க 2022இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஆகவே சங்க உறுப்பினர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

வில்லியனூர் காட்டிய வழி

இணைப்புக் குறைவான இடத்தில் வலை அமைக்க முடியுமா என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே விடை உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் உதவியுடன், புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடு மையம். எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கிளை மையங்கள். தொலைபேசி வசதி போதாத இடங்களுக்கு வானொலிக் கருவி மூலம் பேச்சும் எழுத்தும் அனுப்பப்பட்டன. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய மின் தகடுகள் வைக்கப்பட்டன. வெளியிலிருந்து வந்த செய்திகள் வில்லியனூரில் தமிழாக்கப்பட்டு ஊர்களுக்குப் போயின. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று இதன் அருமை தெரிந்தது. அந்நிறுவனத்தின் மையம் இயங்கிய நல்லவாடு மீனவ கிராமத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் தொலைபேசியில் ஆழிப்பேரலை பற்றி எச்சரித்தார். உடனே மையத்தின் ஒலிபெருக்கி மூலம் ஊரார் உஷார்ப்படுத்தப்பட்டனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். கடல் கடந்து வந்தது ஒரே அழைப்பு. அதைக் கடைசி வீடு வரை சேர்த்தது ஊருக்குள் இருந்த ஏற்பாடு.

மலையில் எப்படி?

பாரத்நெட் திட்டம் கண்ணாடி இழைக் கேபிளை ஊராட்சி வரை கொண்டு செல்வதற்காக ஏற்பட்டது. மலையிலோ ஓர் ஊராட்சியில் பல சிற்றூர்கள் எட்ட எட்டச் சிதறிக் கிடக்கும். ஊராட்சி அலுவலகத்திலிருந்து அங்கே செல்ல உள்ளூர் வலைதான் துணை.

ஒரு திசை நோக்கிய வைஃபை ஆன்டெனாக்களைக் கொண்டு சில கிலோமீட்டர் தொலைவை இணைக்கலாம். ஒரு கம்பத்திலிருந்து பார்த்தால் அடுத்த கம்பம் மறைவின்றித் தெரிய வேண்டும். நடுவே முகடு இருந்தால் அந்த முகட்டில் ஒரு கம்பம் நட்டு, செய்தியை வாங்கி மறுபுறம் அனுப்ப வேண்டும். நனைந்த இலை அலையைத் தடுக்கும். எனவே கோடையில் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தியடையாமல், மழைக்காலத்தில் மரங்கள் தழைத்திருக்கும்போதும் சோதித்தல் வேண்டும்.

இடி, மின்னல் எச்சரிக்கை

கட்டடத்துக்குக் கட்டடம் வெட்டவெளியில் செப்புக் கேபிள் இழுத்தால், மின்னலின் தாக்கம் அதன் வழியே கருவிகளுக்குள் பாயும். அங்கே உலோகக் கம்பி சேராத கண்ணாடி இழைக் கேபிளே ஏற்றது. மின்சாரம் அதில் பாயாது. ஆன்டெனாக் கம்பத்துக்கு முறையான எர்த் இணைப்பு தேவை. இடி இடிக்கத் தொடங்கும் முன்பே கேபிளையும் மின் பிளக்கையும் கழற்றி வைப்பது பாதுகாப்பு. சுவிட்ச், ரவுட்டர் இரண்டும் மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குவன. ஒரு சிறு பேட்டரியே அவற்றைச் சில மணி நேரம் தாங்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ வலை அமைக்க முன்வரும்போது, உறுப்பினர்கள் பொதுக்குழுவில் கீழ்க்கண்டவற்றைக் கேட்க வேண்டும்.

1. இன்டர்நெட் இல்லாத நாளில் எந்தெந்த வேலைகள் நடக்கும்?

2. மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்?

3. கணக்கின் மறுபடி தினமும் எடுக்கப்படுகிறதா? அது வேறொரு கட்டடத்தில் வைக்கப்படுகிறதா?

4. ரவுட்டரோடு வந்த கடவுச்சொல் மாற்றப்பட்டதா?

5. பழுது பார்க்க உள்ளூரில் ஒருவருக்காவது பயிற்சி தரப்பட்டதா?

கருவி வாங்கும் முன்பே இவற்றுக்கு எழுத்தில் பதில் பெறுவது நல்லது. அமைத்து முடிந்ததும், எல்லார் முன்னிலையிலும் இன்டர்நெட் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு, ஒரு மூட்டையை எடை போட்டு ரசீது வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரசீது வந்தால், மலையிலிருந்து இறங்கி வருபவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டிய நாட்கள் குறையும்.