விசேட கல்விக்கூடமும் சமூகத்தின் கடனும்

உடலை நோய் பற்றினால் அதனை ஊரார்க்கு உரைக்க நாம் நாணுவதில்லை. அறிவையோ உள்ளத்தையோ பற்றிய குறையெனின் மட்டும் கதவை அடைத்துக்கொள்கின்றோம். அறிவு வளர்ச்சியிற் பின்தங்கிய பிள்ளையொன்று வாழும் வீட்டிலே, விருந்தினர் வரும்போது அப்பிள்ளை உள்ளறைக்கு அனுப்பப்படுவதும், தமக்கையின் கலியாணப் பேச்சிலே தம்பியின் பெயர் மறைக்கப்படுவதும் நாம் அறியாதன அல்ல. இவ்விழிவெண்ணத்தை நீக்குதற்கு விசேட கல்விக்கூடம் எங்ஙனம் துணைபுரியும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஒரு மயக்கத்தைத் தெளிதல் வேண்டும். அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு; மனநோய் வேறு. முன்னையது பிறவியிலோ இளமையிலோ தோன்றிக் கற்கும் வேகத்தைக் குறைப்பது. பின்னையது எவ்வயதினரையும் பற்றக்கூடியது. பெரும்பாலும் சிகிச்சையாற் குணமடைவது அல்லது தணிவது. இரண்டினையும் 'பைத்தியம்' என்னும் ஒரு சொல்லால் நாம் சுட்டிவிடுகின்றோம். எனினும் இரண்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. ஏளனத்திற்கும் தனிமைக்கும் ஆளாகும் பிள்ளையின் மனம் அச்சத்தாலும் சோர்வாலும் நலிகின்றது. மந்தம் என நாம் கருதுவதில் ஒரு பங்கு எமது புறக்கணிப்பின் விளைவேயாம்.

பழியும் பெரும்பாலும் அறியாமையின் பயனே. 'டவுண்' நிலையுடைய பிள்ளைகளிடத்து 21ஆம் நிறமூர்த்தம் இரண்டிற்குப் பதிலாக மூன்றாக அமைந்திருத்தலைப் பிரான்சு தேசத்து ஆய்வாளர் 1959இல் வெளியிட்டனர். அதன்பின்னரும் பெற்ற தாயைக் குற்றஞ்சாட்டுதல் நீதியாகுமா?

இனி, கல்விக்கூடத்தின் பணியை நோக்குவோம். அங்கே ஒரு வேலை பல சிறு படிகளாகப் பகுக்கப்படுகின்றது. சட்டையின் பொத்தானைப் பூட்டக் கற்பிக்கும் ஆசிரியை, பொத்தானைத் துளையினூடு முக்காற் பங்கு தாமே செலுத்தி, இறுதி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுகின்றார். அதிற் பழகியபின் அதற்கு முந்திய படியையும் பிள்ளையிடம் ஒப்படைக்கின்றார். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்து வைப்பவன் பிள்ளையே; ஆதலின் தோல்வியன்றி வெற்றியே அவன் மனத்திற் பதிகின்றது. தாய்மாரும் அவ்வாயிலிற் கூடித் தம் துயர் தமக்கு மட்டும் உரியதன்று என உணர்கின்றனர். சீருடையணிந்து வீதியிற் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளையை அயலாரும் மாணவனாகவே காண்கின்றனர்.

இக்கல்வியைத் தாழ்வாக எண்ணுவோர்க்கு ஒன்று கூறுவோம். மரியா மொண்டிசோரி அம்மையார் 1900இல் உரோமாபுரியிலே பணியாற்றத் தொடங்கியது இத்தகைய பிள்ளைகளுக்கான பாடசாலையிலேயாம். ஆங்குக் கண்ட முறைகளையே 1907இல் அவர் ஏனைய குழந்தைகளுக்கும் விரித்தார். எம் மக்களைப் பெருமையுடன் அனுப்பும் பாலர் பாடசாலைகள் பல, விசேட கல்வியின் வழித்தோன்றல்களே.

எம் நாட்டிலும் இரத்மலானையிலுள்ள செவிப்புலன், விழிப்புலன் இழந்தோர்க்கான பாடசாலை 1912இல் தோன்றிற்று. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலே சிவபூமிப் பாடசாலை 2004 முதல் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கல்வியூட்டி வருகின்றது.

ஆயின், மதிலால் மட்டும் சூழப்பட்ட பாடசாலை, பிறிதோர் உள்ளறையாகவும் மாறிவிடலாம். வெறும் சந்திப்பினால் வெறுப்பு நீங்காது; சமநிலையில் நின்று, பொதுவான நோக்கத்திற்காக ஒருங்கே உழைக்கும்போதே அது நீங்கும் என அமெரிக்க உளவியலறிஞர் கோடன் அல்போட் 1954இல் எடுத்துக்காட்டினார். பிறந்தநாளன்று மதிய போசனம் வழங்கிப் புகைப்படமெடுத்து மீளுதல் நற்செயலே. ஆனால் அங்கே ஈவோனும் ஏற்போனுமே உளர், நண்பர் இலர். எம் கல்லூரி மாணவரும் அப்பிள்ளைகளும் ஒரே அணியில் ஓடி, ஒரே தோட்டத்தில் நீரிறைத்து, ஒரே மேடையிற் பாடுவாராயின் அதுவே மருந்தாகும்.

இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிலைய அனுமதியிற் பாரபட்சம் காட்டலாகாது என 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதித்துள்ளது. நாம் பயின்ற வகுப்பறைகளை நினைவுகூர்வோம்: அங்கே இத்தகைய தோழன் ஒருவனேனும் எம்மருகில் அமர்ந்திருந்தானா? அவனும் எங்கோ ஓர் உள்ளறையில் எம்முடனேயே வளர்ந்தான். விழாக்காணும் எம் கல்லூரி அன்னை அவனையும் மகனென்று அழைக்கும் நாளே அவளுக்கு உண்மையான விழா நாளாம்.