பசி ஆறினால் மனம் ஆறுமா?

மலேசியத் தமிழர் காலை உணவைப் 'பசியாறல்' என்பர். மலாக்காவின் தோட்டத்து லயங்களில் காலையில் ஒருவரையொருவர் கண்டதும் "பசியாறியாச்சா?" என்று கேட்பது வழக்கம். பசி ஆறுகிறது; சினம் ஆறுகிறது; மனமும் ஆறுகிறது. உண்பதையும் உள்ளம் தணிவதையும் நம் மொழி ஒரே வினையால் குறிக்கிறது. இவ்வுறவு உடலிலும் உண்டா, உண்டெனில் எந்த அளவுக்கு என்பதையே இவ்வுரையில் காண முற்படுகிறோம்.

மன உளைச்சல் மனத்தோடு நின்றுவிடுவதன்று. நெருக்கடி நேர்ந்தவுடன், சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசோலையும் வெளிவிடுகின்றன. கல்லீரல் தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையை இரத்தத்தில் கலக்கிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. ஆனால், விடைத்தாள் திருத்தும் ஆசிரியரும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் ஓடுவதில்லை, உட்கார்ந்தே இருக்கின்றனர். உளைச்சல் நாட்கணக்கில் நீடிக்குமாயின் கார்ட்டிசோல் பசியையும் தூண்டும். அது கீரைக்கான பசியன்று. பெரும்பாலும் இனிப்புக்கும் எண்ணெய்ப் பலகாரத்துக்குமான பசி.

அவ்வேளையில் கைக்கு எட்டுவது தே தாரிக். அதில் ஊற்றும் இனிப்புக் கெட்டிப்பாலில் ஏறத்தாழப் பாதி சீனியே. இரத்தச் சர்க்கரை விரைந்து ஏறுகிறது. பலருக்கு விரைந்து இறங்கிச் சோர்வையும் எரிச்சலையும் தருகிறது. தேயிலையிலுள்ள காஃபீனில் பாதியளவு, ஏறத்தாழ 5 மணி நேரம் கழிந்த பின்னும் உடலில் எஞ்சியிருக்கும். மாலை 6 மணிக்குப் பருகியதன் பாதி இரவு 11 மணிக்கும் நம்மோடு விழித்திருக்கிறது. உறக்கம் குறைந்த மறுநாள் உளைச்சல் கூடுகிறது. மீண்டும் ஒரு குவளை வருகிறது.

இப்பழக்கத்தைப் பழிப்பதற்கு முன் அதன் வேரை அறிதல் வேண்டும். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம், 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் அமைத்தது. அதன்பின் பெருகிய தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுமுன் மரம் சீவி, பால் வாளி சுமந்த உடலுக்குச் சீனி எரிபொருளாயிற்று. பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. குடும்பங்கள் ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும், பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளின் இரவு வேலைக்கும் பெயர்ந்தன. உழைப்பு மாறியது, குவளை மாறவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. மரபுக் கூறு உள்ளிட்ட பிற காரணங்களும் உண்டு. தேநீர் ஒன்றே குற்றவாளி அன்று.

நாம் பெரிய இழப்பெனக் கருதுவது லயத்துக் கொல்லையை. முருங்கையும் பசளியும் வல்லாரையும் அங்கு விலையின்றிக் கிடைத்தன. கீரையும் பயறும் நார்ச்சத்தோடு மெல்லச் செரித்து, நரம்புகளின் இயக்கத்துக்கு வேண்டிய மக்னீசியத்தையும் தருகின்றன. கெம்போங் மீனில் மூளைக்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பு உண்டு. வல்லாரை தேர்வில் மதிப்பெண் கூட்டும் என்று மாணவரிடம் சொல்லப் போதிய சான்றில்லை. நல்ல கீரை என்ற அளவில் உண்ணலாம்.

2017இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கருதத்தக்கது. மனச்சோர்வு நோயுற்ற 67 பேர் இரு குழுவினராயினர். காய்கறி, பருப்பு, முழுத்தானியம், மீன் ஆகியவற்றைச் சார்ந்த உணவுக்கு 12 வாரம் வழிகாட்டப்பெற்ற குழுவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நோய் தணிந்தனர். பேச்சுத்துணை மட்டும் பெற்ற குழுவில் 8 விழுக்காட்டினரே. சிறிய ஆய்வுதான், அது சாதாரண உளைச்சலைப் பற்றியதும் அன்று. உணவு கடனை அடைக்காது. மேலாளரின் குணத்தையும் மாற்றாது. உறக்கமின்மையும் துயரமும் வாரக்கணக்கில் நீடித்தால் சுகாதார நிலையத்தை நாடுதலே முறை.

நம் சுகாதார அமைச்சு 'சுக்கு-சுக்கு-செபாரோ' என்கிறது. சுக்கு என்றதும் காய்ந்த இஞ்சியை எண்ண வேண்டா. மலாயில் அது கால் பங்கு. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ, எஞ்சிய பாதி காய்கறியும் பழமும். இவ்வளவு எளிதெனில் ஏன் கைகூடவில்லை? நெருக்கடி வேளையில் எவரும் ஆராய்ந்து தேர்வதில்லை. அருகில் இருப்பதையே எடுக்கிறோம். ஆகவே தேர்வு அமைதியான வேளையிலேயே நடந்தாக வேண்டும். இரவு வேலைக்குப் புறப்படும் தாய் ஒரு கைப்பிடி பச்சைப்பயற்றை ஊறவைத்துச் சென்றால், காலையில் அது சுமார் 20 நிமிடத்தில் வெந்துவிடும். தேங்காய்த் துருவலும் சிறிது உப்பும் போதும். தேர்வுக்குக் கிளம்பும் பிள்ளையே அதை அடுப்பில் ஏற்றிவிடலாம்.